‘உடும்பு வேணும்ணே!’ – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல என் வீட்ல ஒரு ஆக்கி உடும்பு, அதாவது ஆஸ்திரேலியாவோட ஒரு சின்ன உடும்பு, வளருதுன்னு போற போக்குல ஒரு வரி எழுதுனேன், அவ்ளோ தான், அதுக்கப்புறம் நாய் பூனை பத்தி ஒருத்தர் கூட கேக்கல. வந்ததுல பாதி "உடும்ப போய் யாராச்சும் வளப்பாங்களா", மீதி பாதி "எனக்கும் ஒண்ணு வேணும், எங்க கிடைக்கும்". முதல் பாதிக்கு என்கிட்ட பதில் இல்ல, எங்க மாமியாரும் பல வருஷமா அதத்தான் கேட்டுட்டு இருக்காங்க. ரெண்டாவது பாதிக்கு இந்த மாச பக்கம் முழுக்க.

கேள்வி: அண்ணை, நான் ஸ்கார்பரோவில இருக்கிறன். பக்கத்துக் கடையில ஒரு குட்டி சவானா மானிட்டர், அதான் ஒரு ஆப்பிரிக்க உடும்பு, 80 டொலருக்கு விக்கிறாங்கள். கையுக்க அடங்குற அளவு, நல்ல வடிவா இருக்கு. ஊரில உடும்பைக் கண்டா கறிக்கு எண்டுதான் சனம் பாக்கும், நான் வளக்கப் போறன் எண்டா அம்மா சிரிக்கிறா. முதல் முதலா வளக்கிற ஆளுக்கு இது சரிவருமோ?
– ஒரு தம்பி, ஸ்கார்பரோ

பதில்: வாங்காதீங்க தம்பி. ஒத்த வார்த்தைல முடிச்சிருப்பேன், ஆனா இதே குட்டிய இதே மாதிரி ஒரு கடைல நானும் ஆசப்பட்டு வாங்குனவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

கடைக்காரர் எனக்கு சொன்னது இவ்ளோ தான்: 4 அடி கண்ணாடி டேங்க், கீழ மரத்தூள், மேல ஒரு பல்பு, வாரத்துக்கு ரெண்டு எலி, "நாய் மாதிரி பழகிடும் சார்". நானும் அப்படியே செஞ்சேன். ஒரு வருஷத்துல ரெண்டரை அடி ஆச்சு, ரெண்டாவது வருஷம் அது நடக்கறதே இல்ல, வயித்த தரைல இழுத்துட்டு தவழும், நான் என்னடான்னா நல்லா கொழுகொழுன்னு இருக்குன்னு ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிட்டு இருந்தேன். ஒரு நாள் காலைல பாத்தா முன்னங்கால ஊனாம மடக்கி வெச்சுட்டு நிக்குது, விரல் மூட்டு ஒவ்வொண்ணும் மிளகு சைஸுக்கு வீங்கி இருக்கு. டாக்டர் ரத்தம் எடுத்து பாத்துட்டு கவுட்னு சொன்னார், மனுஷங்களுக்கு கால் கட்டை விரல்ல வருமே அதே யூரிக் ஆசிட் சமாச்சாரம். உடம்புல நீர்ச்சத்து இல்லாம மாசக்கணக்கா காஞ்சு கிட்னி போயிருக்கு, தண்ணி கிண்ணம் உள்ளயே இருந்தும் காஞ்சிருக்கு, ஏன்னா அது மூச்சு விடற காத்தே காஞ்ச காத்து. மூணாவது வருஷம் முடியறதுக்குள்ள போய் சேந்துடுச்சு.

அந்த மரத்தூளும் எலியும் எவ்ளோ தப்புன்னு அது போனப்புறம் தான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். சவானா மானிட்டரோட ஊர் மேற்கு ஆப்பிரிக்கா, கானா, டோகோ, பெனின் பக்கம். அங்க அது சாப்பிடறது சிள்வண்டு, மரவட்டை, நத்தை, தேள் இந்த மாதிரி, எலி அதுக்கு எப்பவாச்சும் கிடைக்கற கல்யாண விருந்து. குட்டிங்க பூச்சி தோண்டுன வளைலயே போய் குடியிருக்கும். வெயில் அடிக்கற ஊருன்னாலும் மண்ணுக்கு கீழ ஈரம் இருக்கும், அந்த ஈரத்துல தான் பாதி வாழ்க்கை. நாம அத மரத்தூள் மேல போட்டு மேல பல்ப கட்டி விட்டா அது கருவாடு காயப்போடற வேலை தான்.

80 டாலருக்கு எப்படி கிடைக்குதுன்னும் யோசிங்க. சினையா இருக்கற பெட்டைய காட்டுல பிடிக்கறது, இல்லன்னா முட்டைய தோண்டி எடுக்கறது, பொரிச்ச குட்டிங்கள ஆயிரக்கணக்குல பெட்டில போட்டு ப்ளைட் ஏத்தறது. வளந்தா 3லேருந்து 4 அடி, கூண்டு குறைஞ்சது 8க்கு 4 அடி, அதுக்குள்ள ரெண்டு அடி ஆழத்துக்கு மண்ணு. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு நம்மாளுங்க சொன்னது சவானாவ பாத்து தான் போல. உங்க பேஸ்மென்ட்ல ஒரு ரூமையே குடுக்க முடியும்னா பேசலாம், ஆனா முதல் உடும்புக்கு வேணாம்.

அப்ப எது? நான் இப்ப வெச்சிருக்கற ஆக்கி, ஆஸ்திரேலியாவோட வட பகுதி மேற்கு பகுதி பாறைக்காட்டு உடும்பு, வாலெல்லாம் முள்ளு முள்ளா இருக்கும். முழுசா வளந்தாலே ரெண்டு ரெண்டேகால் அடி, அதுல பாதிக்கு மேல வால். ஆஸ்திரேலியா அவங்க ஊர் விலங்க வியாபாரத்துக்கு வெளிய விடறதே இல்ல, அதனால முறையா வாங்கற ஆக்கி எல்லாம் வீட்ல பொரிஞ்சு வளந்த குட்டி தான், அதுவே பெரிய நிம்மதி. விலை பல நூறு டாலர் வரும், குட்டி பொரிக்க வெக்கறவர்கிட்ட நேரா வாங்குங்க. போகும்போது என்ன பாக்கணும்னா, கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு முழிச்சிருக்கணும், வால் ஆரம்பிக்கற இடம் சதைப்பிடிப்பா இருக்கணும், எலும்பு துருத்தக்கூடாது. அப்புறம் விரல எண்ணுங்க. சிரிக்காதீங்க, நிஜமா எண்ணுங்க. தோல் உரியும்போது விரல் நுனில பழைய தோல் மோதிரம் மாதிரி மாட்டிக்கிட்டு ரத்தத்த நிறுத்தி விரல் காஞ்சு விழுந்துடும், அப்படி விரல் போன குட்டி வளந்த இடத்துல ஈரம் பத்தலன்னு அர்த்தம். கடைசியா, உங்க கண் முன்னாடி ஒரு பூச்சிய போட சொல்லுங்க, பாஞ்சு பிடிக்கணும். பொரிஞ்சு ரெண்டு மூணு மாசமாச்சும் ஆன குட்டி தான் வேணும்.

இன்னொண்ணு, டொரொண்டோ மாநகராட்சி சட்டத்துல 2 மீட்டருக்கு மேல வளர்ற பல்லி இனத்துக்கு தடை இருக்கு, நாளைக்கு ஆசை முத்தி வாட்டர் மானிட்டர் பக்கம் போயிடாதீங்க. அதான் இலங்கைல கபரகொய்யான்னு சொல்வாங்களே அந்த நீர் உடும்பு.

கேள்வி: ஆக்கி தான்னு முடிவு பண்ணிட்டேன். பழைய மீன் தொட்டி ஒண்ணு 4 அடில சும்மா கிடக்கு, அத யூஸ் பண்ணலாமா? வெயில் காயற இடம் 60 டிகிரி இருக்கணும்னு படிச்சேன், ஃபாரன்ஹீட்டா செல்சியஸா, செல்சியஸ்னா பொசுங்கிடாதா?
– மில்டன் கீன்ஸ் வாசகர்

பதில்: செல்சியஸ் தான். எனக்கும் முதல்ல இதே பயம் தான், சித்திரை வெயில்ல நிறுத்துன பைக் சீட்டு மாதிரி இருக்குமேன்னு. ஆனா அது நாள் பூரா அங்க உக்காரப்போறதில்ல. காலைல வளைய விட்டு வரும், அந்த சூட்டு மேல வயித்த தட்டையா பரப்பி படுக்கும், உடம்பு 36, 38 டிகிரி ஏறுனதும் எழுந்து போயிடும். அப்புறம் வேட்டை, தோண்டல், திரும்ப சூடு. சூடு கம்மியா வெச்சீங்கன்னா அது அந்த உடம்பு சூட்டுக்கு வரவே மணிக்கணக்கா பல்புக்கு கீழயே கிடக்கும், முதுகு காயும், சாப்பிட்டது செரிக்காது. அதனால சூடான முனைல அது படுக்கற இடத்தோட மேற்பரப்பு 55லேருந்து 65, எதிர் முனைல 25லேருந்து 28, நடுவுல அதுக்கு எங்க வேணுமோ அங்க இருந்துக்கும். ஒட்டி வைக்கற வட்ட தெர்மாமீட்டர் எல்லாம் காத்தோட சூட்ட தான் காட்டும், படுக்கற இடத்தோட சூட்டுக்கு துப்பாக்கி மாதிரி நீட்டி பாக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு இருக்கு, அத வாங்குங்க. பல்பு சாதா ஹாலஜென் ஃப்ளட் போதும், உடும்பு எட்டாத உயரத்துல. சிவப்பு பல்பு, கரன்ட்ல சூடாகற கல்லு இதெல்லாம் கடைக்காரர் நல்லா இருக்கறதுக்கு.

மீன் தொட்டி வேணாம். மேல வலை போட்டா சூடும் ஈரமும் நேரா சீலிங்குக்கு போயிடும், கண்ணாடிய வெச்சு மூடுனா வெளில மாட்டுற யூவிபி லைட்டோட கதிர் (வெயில்ல இருக்கற புற ஊதா கதிர் மாதிரி) உள்ள வராது, கண்ணாடி அத தடுத்துடும். நாலு பக்கமும் அடைச்ச மரப்பெட்டி இல்ல பிவிசி பெட்டி, முன்னாடி மட்டும் கண்ணாடி கதவு, 4க்கு 2 அடி தரை, உயரம் 4 அடி இருந்தா சந்தோஷம். யூவிபி டியூப உள்ளயே மாட்டி வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க, எரியுதேன்னு விட்டுடாதீங்க, வெளிச்சம் வரும் யூவிபி வராது.

உயரம் எதுக்குன்னா மண்ணுக்கு. குறைஞ்சது ஒரு அடி ஆழம். இங்க தான் எல்லாரும் பேரம் பேசுவாங்க, "அரை அடி போட்டா பத்தாதா அண்ணா". பத்தாது. 4க்கு 2 அடிக்கு ஒரு அடி ஆழம்னா 8 கன அடி, ஈர மண்ணு சுமார் 300 கிலோ. நான் 20 கிலோ மூட்டை 15, லிஃப்ட்ல ஏத்தும்போது கீழ் ஃப்ளோர் அங்கிள் பால்கனில கத்திரிக்கா போடறீங்களான்னு கேட்டார், ஆமான்னு சொல்லிட்டேன். தரை தாங்குமான்னு பாத்துட்டு, பெட்டிக்கு கீழ ஸ்டாண்டு நல்ல ஸ்ட்ராங்கா போடுங்க. தோட்டத்து மண்ணு பாதிக்கு கொஞ்சம் மேல, மணல் பாதிக்கு கொஞ்சம் கம்மி, உரம் எதுவும் கலக்காதது. பதம் என்னன்னா பிடி கொழுக்கட்டை பதம்: கைல பிடிச்சா அப்படியே நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது, விரலால குத்துனா ஓட்டை இடியாம இருக்கணும். அந்த ஓட்டை நிக்கலன்னா உடும்பு தோண்டற வளையும் நிக்காது. மேல் மண்ணு காயும் பரவால்ல, அடி ஈரம் போகக்கூடாது, நான் ஓரமா ஒரு பைப் சொருகி அதுல தண்ணி ஊத்தறேன்.

பல்புக்கு கீழ ப்ளைவுட் பலகை நாலஞ்ச நடுவுல சின்ன சின்ன கட்டை வெச்சு அடுக்கா அடுக்குங்க, இத ரீட்ஸ் ஸ்டாக்னு சொல்வாங்க. மேல் தட்டு நல்ல சூடு, கீழ போகப்போக குறையும், முதுகும் வயிறும் இடிக்கற மாதிரி இடுக்கா இருந்தா தான் அதுக்கு தைரியம்.

இவ்ளோத்தையும் உடும்பு வாங்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஓட விட்டு சூட்ட பாத்துடுங்க. குட்டிய டப்பால வெச்சுட்டு பெட்டிக்கு ஸ்க்ரூ முறுக்கற ஆளுங்கள நான் நெறைய பாத்துட்டேன்.

கேள்வி: நாங்க வீட்ல சுத்த சைவம். முட்டை கூட ஃப்ரிட்ஜ்ல கிடையாது. பையனுக்கு உடும்பு மேல பைத்தியம். எலி கொடுக்காம, காய்கறி போட்டு வளக்க வழி இருக்கா சார்?
– ஒரு அப்பா, ஹாரோ

பதில்: காய்கறி முடியாதுங்க, நீங்க கையெடுத்து கும்பிட்டாலும் அது கத்திரிக்கா சாப்பிடாது. ஆனா எலி இல்லாம முடியும். ஆக்கிக்கு பூச்சி தான் முக்கிய சாப்பாடு: சிள்வண்டு, டூபியா கரப்பான், உங்க ஊர்ல வெட்டுக்கிளியும் டப்பா டப்பாவா கிடைக்கும். பூச்சிக்கு நீங்க கேரட், கீரை, தவிடு போட்டு ஒரு நாள் நல்லா வளத்துட்டு அப்புறம் உடும்புக்கு போடுங்க, பூச்சி வயித்துல இருக்கறது தான் உடும்புக்கு சத்து, அந்த வகைல உங்க வீட்டு சைவம் அதுக்கும் போய் சேரும். கால்சியம் பொடி தூவறத மறக்காதீங்க, திருநீறு பூசற மாதிரி லேசா. குட்டிக்கு தினமும், பெருசானா வாரத்துல மூணு நாலு நாள் போதும்.

ஒரே கண்டிஷன், அந்த டப்பா மூடி. எங்க வீட்ல ஒரு தடவ மூடி சரியா மாட்டல, 50 சிள்வண்டு சமையக்கட்டுக்கு பின்னாடி போயிடுச்சு, ஒரு மாசத்துக்கு ராத்திரி பூரா கிராமத்துல தூங்கற எஃபெக்ட். உங்க வீட்டம்மா சம்மதம் உடும்புக்கு வாங்காதீங்க, கரப்பானுக்கு வாங்குங்க. அது கிடைச்சா மத்தது தன்னால நடக்கும்.

கேள்வி: தோட்டத்துல மோட்டார் ரூம் கிட்ட ஒரு குட்டி உடும்பு கிடைச்சுது அண்ணா, மஞ்ச புள்ளி புள்ளியா சூப்பரா இருக்கு. ஷூ பெட்டில வெச்சிருக்கேன். என்ன சாப்பாடு போடணும்?
– கல்லூரி மாணவன், திண்டுக்கல் பக்கம்

பதில்: தம்பி, எதுவும் போட வேணாம், எடுத்த இடத்துலயே இன்னிக்கே விட்டுடு. காயம் இருந்தா மட்டும் வனத்துறைக்கு போன் போட்டு ஒப்படைச்சுடு. நம்ம நாட்டுல இருக்கற உடும்பு 4 வகை, நாலுமே 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே தான். பிடிக்கறது, வீட்ல வெக்கறது, கறி, எண்ணெய், எதுவா இருந்தாலும் 3 வருஷத்துலேருந்து 7 வருஷம் வரை ஜெயில், அபராதம் குறைஞ்சது 25,000. "கூண்டுல வெச்சு நல்லா தான் பாத்துக்கிட்டேன்"னு சொன்னா கேஸ் குறையாது. உடும்பு வேண்டாம் கைய விட்டா போதும்னு பழமொழி இருக்குல்ல, உன் நிலைமை இப்ப அதான்.

வேர்னு சொல்லி கோயில் வாசல்ல "ஹத்தா ஜோடி"ன்னு ஒண்ணு விப்பாங்க, ரெண்டு கை கும்பிடற மாதிரி இருக்கும். அது வேரும் இல்ல மூலிகையும் இல்ல, ஆண் உடும்போட உறுப்ப அறுத்து காய வெச்சது. வீட்ல யாராச்சும் அதிர்ஷ்டத்துக்குன்னு வாங்கி பூஜை ரூம்ல வெச்சிருந்தா அதுவும் அதே சட்டத்துல தான் வரும், சொல்லி வை.

வெளிநாட்டு உடும்பு வாங்கலாமேன்னு அடுத்து கேப்ப. உடும்பு இனம் மொத்தமுமே சைட்டிஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கு, முறையான இறக்குமதி பேப்பர், அரசாங்கத்தோட பரிவேஷ் இணைய தளத்துல பதிவு எல்லாம் இல்லாம யாரோ பேங்காக்லேருந்து சூட்கேஸ்ல கொண்டு வந்தத வாங்குனா மாட்டப்போறது நீ. படிச்சு முடி, மோட்டார் ரூம் கிட்ட ஒரு பைனாகுலரோட உக்காரு, இலவசமா பெரிய உடும்பே பாக்கலாம்.

கேள்வி: சிங்கப்பூர் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்ல ஆக்கி வளக்கலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: முடியாது. அங்க ஊர்வனல ரெண்டு வகை ஆமைக்கு மட்டும் தான் அனுமதி. கால்வாய் ஓரமா நடந்தா வாட்டர் மானிட்டர் தானா வந்து தரிசனம் குடுக்குது, அது போதும்.

கேள்வி: 11 வயசு பையன் கேக்கறான், வீட்ல 3 வயசுல ஒரு பொண்ணும் இருக்கா. உடும்புக்கு விஷம் உண்டாமே? கடிச்சா பிடிய விடாதாமே?
– அம்மா, நியூ ஜெர்சி

பதில்: உடும்பு இனத்துக்கு வாய்ல விஷ சுரப்பி மாதிரி ஒண்ணு இருக்குன்னு 2006ல ஆராய்ச்சிக்காரங்க எழுதுனாங்க, அதோட வேலை என்னன்னு அவங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓடுது. ஆக்கி கடிச்சா வீக்கம், கொஞ்சம் ரத்தம், சோப்பு போட்டு கழுவி டெட்டனஸ் ஊசி பாத்துக்கறது, அவ்ளோ தான். விடாதாமேங்கறது நிஜம். இழுக்காதீங்க, இழுத்தா அறுக்கும், கைய தரைல வெச்சு அசையாம இருந்தா அதுவா விட்டுட்டு ஓடும். நான் ஒரு தடவ பூச்சி தொட்ட கைய கழுவாம நீட்டுனேன், தப்பு அதோடது இல்ல.

எனக்கு கடிய விட பயம் சால்மொனெல்லாங்கற கிருமி தான். நல்லா இருக்கற உடும்பு வயித்துலயும் அது இருக்கும், 5 வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு ரொம்ப மோசமா போகலாம். அதனால என்னோட கருத்து, பொண்ணுக்கு 5 வயசு தாண்டட்டும், பையன் அதுக்குள்ள பெட்டிக்கு காசு சேக்கட்டும். ஆக்கி 15 வருஷத்துக்கு மேல கூட இருக்கும், பையன் காலேஜ் போனப்புறம் கரப்பான் போடப்போறது நீங்க தான்னு இப்பவே தெரிஞ்சுக்கோங்க. பெட்டையா அமைஞ்சா ஆண் இல்லாமயே முட்டை வைக்கும், தோண்ட ஈர மண்ணு இல்லன்னா முட்டை உள்ளயே மாட்டிக்கும், ஊர்வன பாக்கற டாக்டர் உங்க ஊர்ல யாருன்னு முதல்லயே கேட்டு வெச்சுக்கோங்க.

கேள்வி: ஆக்கி வாங்கி மூணு வாரம் ஆச்சு. மொத்தமா ரெண்டு தடவ தான் அதோட மூஞ்சிய பாத்திருக்கேன். வளைக்குள்ளயே கிடக்கு. தோண்டி எடுத்து கைல வெச்சு பழக்கலாமா?
– பிராம்ப்டன் வாசகி

பதில்: தோண்டவே தோண்டாதீங்கம்மா! அந்த வளை தான் அதுக்கு வீடு, வீட்ட இடிச்சு ஆள வெளிய இழுத்தா யாரு சிநேகிதம் பிடிப்பா. போட்ட பூச்சி காலைல காணாம போகுதா, எச்சம் இருக்கா, மண்ணுல புது கால்தடம் இருக்கா, அப்ப எல்லாம் சரியா இருக்கு. எச்சத்துல மட்டும் கொஞ்சம் எடுத்து டாக்டர்கிட்ட புழு டெஸ்ட் குடுத்துடுங்க.

நான் பண்ணது இது தான்: தினமும் ஒரே நேரம், பெட்டிக்கு முன்னாடி ஒரு ஸ்டூல் போட்டு காபியோட அரை மணி நேரம் உக்காருவேன், அவ்ளோ தான், கைய விடமாட்டேன். ரெண்டாவது வாரம் பலகை இடுக்குல ஒரு கண்ணு தெரிஞ்சுது. அப்புறம் கதவ திறந்து நீளமான இடுக்கில பூச்சிய நீட்டுனேன், பிடிங்கிட்டு ஓடுச்சு. அப்படியே இடுக்கிய நாளுக்கு நாள் கிட்ட இழுத்து, கடைசில இன்னொரு கைய மண்ணு மேல விரிச்சு வெச்சு அத தாண்டி பூச்சிய காட்டுனேன். அஞ்சாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வந்து உள்ளங்கை ஓரத்துல நின்னு நாக்க நீட்டி நாலு தடவ தடவி பாத்துச்சு, ஈர நூல் பட்ட மாதிரி இருந்துச்சு, அப்புறம் என் கை மேல ஏறி நின்னு பூச்சிய பிடிச்சு அங்கயே நின்னு மென்னுச்சு. காபி ஆறிப்போச்சு, நான் அசையவே இல்ல.

மூணு வாரம் தானே ஆச்சு, ஸ்டூல் வாங்குங்க.